நெருப்பெரிச்சல் வழி முறிகண்டி

கோகிலா, பிரபு, இந்த வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பத்திரிகையில் வருவதால் ஊரே படிக்கிறது. ஆனாலும் நான் எழுதுவது உங்கள் இரண்டு பேருக்காகத்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் கோகிலா திருத்திவிடுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன வாரம், லாரியை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி வேனுக்கு டிரைவராக வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டு பிரபு கேட்டான்: "ஏனுங்கப்பா, நெருப்பெரிச்சல் போற வழியில அந்தப் புள்ளையார் கோயில் ஸ்டாப்ப நம்ம கம்பெனிக்காரங்க எல்லாரும் முறிகண்டிங்கறாங்க. போன்ல தேடுனா இலங்கையில கொண்டுபோய் நிறுத்துது. எதுங்கப்பா நெசம்?"

இரண்டும் நிஜம்தான் கண்ணு. சொல்கிறேன்.

அந்தக் காலை இன்னும் எனக்குள் அப்படியே நிற்கிறது. மார்கழிப் பனி. வேன் கண்ணாடியில் உள்பக்கம் மூச்சுக்காற்று படிந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. பின்னால் பெண்கள் தலையில் கனகாம்பரம், மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. புளிச்சோற்று வாசனையும் புதுப் பனியன் துணியின் வாசனையும் கலந்து வந்தன. இடது பக்கக் கதவில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு கிளீனர் நாயகண்ணா நின்றிருந்தார். கோயில் வேப்பமரம் கண்ணுக்குத் தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்.

"முறிகண்டி! முறிகண்டி! இறக்கம் இருக்கோ? முறிகண்டி இறக்கம்!"

கடைசி சீட்டிலிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு எழுந்தாள். முந்தின நாள்தான் சிவகங்கைப் பக்கமிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவள். பெயர் முத்துலட்சுமி.

"ஐயையோ அண்ணே! நான் வேற வண்டியில ஏறிட்டனா? நிப்பாட்டுங்கண்ணே, எறக்கி விடுங்கண்ணே!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளை மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். "உக்காரு புள்ள, தெனமும் இந்தக் கூத்துத்தான்" என்றது ஒரு குரல். வேன் முழுக்கச் சிரிப்பு.

நாயகண்ணாவும் சிரித்தார். "பயப்பிடாத பிள்ளை. வண்டி சரியான வண்டிதான். ஊர் மட்டும்தான் பிழை" என்றார்.

ஊர் மட்டும்தான் பிழை. அதை அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

கதவோரம் நின்ற டிரைவர்

நாயகண்ணாவின் முழுப்பெயர் ராசநாயகம். இலங்கையின் வடக்கிலிருந்து சண்டைக்குத் தப்பிப் படகில் வந்தவர். முகாம் மாறி முகாம் மாறி, கடைசியில் நம் பக்கத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி மகேஸ்வரி அக்காவுக்கு நம் கம்பெனியிலேயே செக்கிங்கில் வேலை. தைத்த பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பது. பிள்ளைகள் இல்லை.

ஊரில் அவர் அரசாங்க பஸ் டிரைவர். அவர் வாயில் அது ‘சாரதி’. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் பெரிய பாதையில், பாதை மூடும்வரை ஓட்டியவர். இங்கே லைசென்ஸ் எடுக்க அவர் கையிலிருந்த காகிதங்கள் போதவில்லை. அதனால் என் வேனில் கதவு திறந்து மூடும் ஆளாக வந்து சேர்ந்தார். என்னைவிட நல்ல டிரைவர் ஒருவர் எனக்குக் கிளீனராக நின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கதவோரத்தில் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். நான் கொஞ்சம் தாமதித்தால் அவர் கால் எனக்கு முன்னால் பிடித்துவிடும். நான் பார்த்தது தெரிந்தால் காலை இழுத்துக்கொண்டு, தெருவில் யாரையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வார்.

ஆட்கள் ஏறி முடித்ததும் உள்ளங்கையை விரித்து வேன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். "போலாம்" என்றோ "ரைட்" என்றோ ஒரு சொல் வராது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் விசில் அடிப்பார்களே, அதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. "விசில் எல்லாருக்கும் கேக்கும் தம்பி. இது சாரதிக்கு மட்டும்" என்பார். கொஞ்ச நாளில் என் காலும் பழகிவிட்டது. அந்த இரண்டு தட்டு விழாமல் கிளட்ச்சை விடவே வராது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஆட்களை இறக்கும்போது, "தாரிலயே நில்லுங்கோ, ஓரத்துக்குப் போகாதேங்கோ" என்று பதறுவார். நம் ஊர் ரோட்டில் தாரில் நின்றால் பின்னால் வருகிற வண்டி தூக்கிவிடும். "ஏனுங்ணா, நீங்களே புள்ளைகள லாரிக்குக் குடுத்துருவீங்களாட்ட இருக்குது" என்று நான் கேலி செய்வேன். அவர் ஊரில் பாதையின் ஓரமெல்லாம் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கேலி செய்யவில்லை.

கடலைக்காயா, கச்சானா?

முறிகண்டி என்பது அவருடைய பாதையில் காட்டு நடுவே இருக்கிற சின்னப் பிள்ளையார் கோயில். அந்த வழியாகப் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாதாம். எந்த மதத்துக்காரன் ஓட்டினாலும் நிறுத்துவானாம். இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, வாசலில் விற்கும் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால்தான் பயணம் நல்லபடி முடியும் என்று நம்பிக்கை. கச்சான் என்றால் நம் வறுத்த கடலைக்காய்.

நம் வழியிலும் ஒரு பிள்ளையார் இருந்தார். தாண்டும்போதெல்லாம் நாயகண்ணாவின் முகம் ஒரு மாதிரி ஆகும். ஒருநாள் கேட்டே விட்டார்.

"தம்பி, ஒரு நிமிசம் நிப்பாட்டுவியோ? நிப்பாட்டாமல் போக எனக்குக் கால் கூசுது."

அன்று நிறுத்தினேன். மறுநாளும் நிறுத்தினேன். பிறகு வேன் தானாகவே நின்றது. வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்திருந்த அம்மாவிடம் கை நிறையக் கடலைக்காய் வாங்கி, வேனில் எல்லோருக்கும் கொடுப்பார்.

"கச்சான் பிடி பிள்ளை."

"இது கடலைக்காயிங்ணா!"

"உங்களுக்குக் கடலைக்காய். என்ர கையால வாங்கினால் கச்சான்."

பிள்ளையார் முதல் ஸ்டாப். பிறகு மற்ற ஸ்டாப்புகளுக்கும் அவர் பாதையில் இருந்த ஊர்களின் பெயர் விழுந்தது. பேக்கரி முக்கு பரந்தன் ஆனது. குட்டை ஓரம் ஆனையிறவு. நம் கம்பெனி கேட் யாழ்ப்பாணம். "யாழ்ப்பாணம் வந்திட்டுது, எல்லாரும் இறங்குங்கோ, கார்டைத் தேச்சிட்டுப் போங்கோ" என்பார். பெண்களும் "பரந்தன் இறக்கம்!" என்று பழகிக்கொண்டார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண்ணும் உடுமலைப் பெண்ணும் ஒரே மாதிரி ‘இறக்கம்’ என்று சொல்வதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் சார் மட்டும் கடுப்பாவார். "ஏப்பா, தெனமும் புள்ளையாருக்கு டைம் குடுத்தா, ஷிப்மெண்ட்டுக்கு யாரு டைம் குடுக்கறது?" என்றார் ஒருநாள்.

நாயகண்ணா அசரவில்லை. "சேர், பிள்ளையார் கோவிச்சால் வண்டி வழியில நிண்டிடும். பேந்து உங்கட ஷிப்மெண்டை நாங்கள் தலையில வச்சுத்தான் காவவேணும்."

சார் சிரித்துவிட்டார். அப்புறம் வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காயில் ஒரு மூடி டைம் ஆபீஸுக்குப் போகத் தொடங்கியது.

முதலில் எது வரும்?

அந்தக் காலத்தில்தான் இலங்கையில் சண்டையை நிறுத்திப் பேச உட்கார்ந்தார்கள். டீக்கடை ரேடியோவில் செய்தி வரும்போது நாயகண்ணா டம்ளரை உதட்டில் வைத்தபடியே நிற்பார், டீ இறங்காது. பெரிய பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருநாள் சொன்னார்கள். அன்றைக்கு அவர் டீயைக் குடிக்கவே இல்லை.

நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "சண்டை நின்ன ஊருக்கு மொதல்ல என்னுங்ணா வரும்? போலீசா, கலெக்டரா, எலெக்சனா?"

"பஸ்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லைத் தம்பி. என்ர சித்தப்பாவின்ர மகன் போனில கதைச்சவன். எங்கட பக்கம் வெளிநாட்டுக் காசில வடிவான ஆசுப்பத்திரி ஒண்டு கட்டிப்போட்டாங்களாம். பெயின்ட் மணம் இன்னும் போகேல்லையாம். ஆனால் நர்ஸ் இல்லை. ஏனெண்டால், வந்து போக பஸ் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டாச்சு. டீச்சர் இல்லை. அவவும் பஸ்ஸிலதான் வரவேணும். தபால் மூட்டை பஸ்ஸில. பேப்பர் பஸ்ஸில. சம்பளம் எடுக்கப் போறவனும் பஸ்ஸில. கட்டடம் கட்டித் தர உலகத்தில கனபேர் இருக்கினம் தம்பி. நேரத்துக்கு வாறதுக்குத்தான் ஆக்களில்லை."

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார். "முதல் வெறும் பஸ்தான் போகும். வெறும் பஸ்ஸெண்டாலும் அதே நேரத்துக்குப் போகவேணும். நாளைக்கும் போகவேணும். சனம் வேலிக்கு உள்ள நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். இது நெடுக வரும் எண்டு நம்பிக்கை வந்தாப்பிறகுதான் ஒரு கிழவி கை காட்டி ஏறும். அண்டைக்குத்தான் எங்களுக்கு அரசாங்கம் வந்தது எண்டு கணக்கு."

பிள்ளைகளே, அரசாங்கம் என்றால் கொடி, மாலை, மைக் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சண்டையே வராத நம் ஊரிலும் அப்போது குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் அம்மா குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத்தான் தூங்குவாள். தண்ணீர் குறைவு என்பதைவிட, வருமா வராதா என்று தெரியாததுதான் மனிதரைத் தின்றது. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அந்தக் குடத்தை வைத்துத்தான் புரிந்தது.

முறிகண்டி தேடி வந்த பெரியவர்

வேனில் அலறினாளே முத்துலட்சுமி, அவளுக்குச் சில மாதத்தில் வேலை பழகிவிட்டது. மகளைப் பார்க்க அவளுடைய அப்பா ஊரிலிருந்து புறப்பட்டார். அவள் போனில் வழி சொல்லியிருக்கிறாள்: நெருப்பெரிச்சல் போகிற பஸ்ஸில் ஏறி முறிகண்டியில் இறங்க வேண்டும், பரந்தன் தாண்டி வந்துவிடக் கூடாது.

பாவம், அவளுக்கு அதுதான் ஸ்டாப்பின் பெயர். வேறு பெயர் இருக்கிறது என்றே தெரியாது.

பெரியவர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டிருக்கிறார். எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் தெரிந்த மாதிரி கூட்டிக்கொண்டுபோய் வேறெங்கோ இறக்கிவிட்டார். அந்த வெயிலில் பனைவெல்லப் பையும் பலாப்பழமுமாக அலைந்திருக்கிறார். சாயங்காலம் நம் கம்பெனிப் பெண் ஒருத்தி அந்த வழியாக நடந்து வரும்போது, "தாயி, முறிகண்டினு ஒரு ஊரு..." என்று அவர் கேட்டது அவள் காதில் விழுந்து, கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

வேன் பக்கத்தில் வந்து நின்ற பெரியவருக்குச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"ஏத்தா, நல்லா வழி சொன்ன போ! இந்த ஊருல ஒருத்தனுக்கும் அவுக ஊரு எங்க இருக்குன்னு தெரியலை. இம்புட்டுப் பெரிய ஊரைத் தொலைச்சுப்புட்டு உக்காந்திருக்காய்ங்க!"

வேனே குலுங்கிச் சிரித்தது. முத்துலட்சுமி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாயகண்ணா போய்ப் பெரியவரின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "ஐயா, குறை நினையாதேங்கோ. பிழை என்னிலதான். அது என்ர ஊர்ப் பேர்" என்றார். அவரும் சிரிக்கத்தான் செய்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கழுத்துத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எல்லோரையும் இறக்கிவிட்டபின் வேனில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தம்பி, எங்கட ஊர் டிப்போவில பழைய சாரதிமாரைத் தேடுறாங்களாம். வரச்சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறாங்கள். கன நாளாச்சு. உனக்கு நான் சொல்லேல்லை."

"ஏனுங்ணா சொல்லல?"

"மகேசு மாட்டன் எண்டிட்டா. அவ பயப்பிடுறதும் சரிதான். நானும் பெரிசாக் கேக்கேல்லை. இஞ்ச கச்சான் இருக்கு, பிள்ளையார் இருக்கு, போதும், இவ்வளவும் காணும் எண்டு நினைச்சன்." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். "இண்டைக்கு ஒரு மனிசன் வெயிலுக்க நிண்டு என்ர ஊரைத் தேடியிருக்கிறான். இஞ்ச நான் பேர் வச்சு விளையாடுறன் தம்பி. அங்க பேர் இருக்கு. பஸ் இல்லை."

பஞ்சு மில் மைதானம்

போக முடிவு செய்தபிறகுதான் அவரை இன்னொரு பயம் பிடித்தது. அங்கே போனால் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அவரோ ஊரை விட்டு வந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "கால் மறந்திருந்தால் என்ன செய்யிறது? அவ்வளவு தூரம் போய், தோத்து நிக்கவோ?" என்றார். சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று மகேஸ்வரி அக்கா உங்கள் அம்மாவிடம் சொன்னார்.

சாமளாபுரம் பக்கம் ஒரு மூடின பஞ்சு மில்லில் பழைய பஸ் ஒன்று நின்றது. பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஞாயிறுதோறும் இஞ்சினை ஓடவிட்டு, மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவது என் வேலை. மில்காரரிடம் கேட்டேன். "உள்ளுக்குள்ளயே ஓட்டிக்கட்டும், கேட்டைத் தாண்டப்படாது" என்றார்.

முதல் ஞாயிறு நாயகண்ணா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். கியர் குமிழைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லை என்ற பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"என்னுங்ணா?"

"தட்டு."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நீ தட்டாமல் நான் எப்படி எடுக்கிறது?"

நான் இறங்கி இடது பக்கம் போய், தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். பஸ் குதித்து நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடி குதித்தது. மில் வாட்ச்மேன் தூரத்திலிருந்து கத்தினார்: "ஏப்பா, வண்டி ஓட்டறாரா, தவளை புடிக்கறாரா?"

கண்ணாடியில் நாயகண்ணாவின் முகம் தெரிந்தது. அவ்வளவு வெளிறிப் போய் அவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது தட்டுக்கு பஸ் அழகாக நகர்ந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் கால் எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டது. ஆனால் வெறும் மைதானத்தில் நேராக ஓட்ட மாட்டார். வளைப்பார், மெதுவாக்குவார், ஒன்றும் இல்லாத இடத்தில் ஒதுங்குவார். "ஏனுங்ணா வளைக்கறீங்க? குழிகூட இல்லீங்களே" என்றால், "இதில ஒரு பாலம் வரும்" என்பார். பாதை முழுவதையும் அந்த மைதானத்துக்குள் சுருட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வேலமரத்தடியில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்துவார். அது எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மகேஸ்வரி அக்காவும் வந்தார். மதில் நிழலில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்கோ தம்பி, அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற துடையை. உந்த மனிசன் ஒருநாளும் என்ர முகத்தை இப்பிடிப் பாத்ததில்லை."

நாலைந்து சுற்று பார்த்தார். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்துபோய் பஸ்ஸுக்குக் கை காட்டினார். பஸ் நின்றது. ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"எங்கயம்மா இறக்கம்?" என்றார் நாயகண்ணா, திரும்பிப் பார்க்காமல்.

அக்கா முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "வீட்டுக்குத்தான். வேற எங்க?" என்றார்.

நான் வெளியே நின்று தகரத்தைத் தட்டினேன்.

விசிலுக்கு எழும்பாத கால்

அனுமதியெல்லாம் வந்து அவர்கள் புறப்பட வெகு நாளானது. கடைசி நாள் வேனில் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். டைம் ஆபீஸ் சார் கம்பெனியில் நல்லதாகப் பார்த்துப் பனியன்கள் எடுத்துக் கொடுத்தார். கோகிலா, நீ அப்போது கைக்குழந்தை. அவர் ஒரு கடலைக்காய்ப் பருப்பை மாவாக நசுக்கி உன் நாக்கில் வைத்தார். "இவளுக்கு இது கச்சான்தான். கடலைக்காய் எண்டு சொல்லிக் குடுத்துக் கெடுத்துப்போடாத" என்றார்.

"போட்டு வாறம் தம்பி" என்றார். போய்விட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

பல மாதம் கழித்து டைம் ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. சார் என்னைக் கேட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். போனில் கடல் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள் அவர் குரல்.

"தம்பி! ஓடுறன் தம்பி! பாதையோரமெல்லாம் கண்ணிவெடி எண்டு மண்டையோடு கீறின சிவப்புப் பலகை. நடுவில தார் மட்டும்தான் எங்களுக்கு. காணும். வெறும் பஸ்ஸாத்தான் துவங்கினது. நான் சொன்னன்தானே? இப்ப ஒரு டீச்சர் ஏறுறா. தபால் மூட்டை ஏறுது. போன கிழமை ஒரு கிழவி கை காட்டினது தம்பி! நிப்பாட்டி, ‘எங்கயணை?’ எண்டன். ‘எங்கயும் இல்லை மோனே, இது ஒவ்வொரு நாளும் வருமோ எண்டு கேக்கத்தான் மறிச்சனான்’ எண்டுது!"

நான் சிரித்தேன்.

"முறிகண்டியில நிப்பாட்டறீங்களாங்ணா?"

"நிப்பாட்டாமல்? ஆனால் புதுசா வந்த கண்டக்டர் பொடியன் விசில் அடிக்கிறான். என்ர கால் விசிலுக்கு எழும்பாது தம்பி. ‘தட்டடா’ எண்டன். திருப்பூர்ப் பழக்கமோ எண்டு கேக்கிறான்!"

லைன் போய்விட்டது. அதுதான் நான் கேட்ட கடைசிக் குரல்.

பாதை மூடிய நாள்

சில வருடம் கழித்து, ஆடிக்காற்று ஓய்ந்துகொண்டிருந்த ஒருநாள், டீக்கடை டிவியில் சொன்னார்கள். அங்கே மறுபடி சண்டை. பெரிய பாதையை மூடிவிட்டார்கள்.

அவரையும் அக்காவையும் பற்றி முகாமில் எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். பார்த்தேன் என்றார் ஒருவர். அது வேறு ராசநாயகம் என்றார் இன்னொருவர். பிறகு நடந்த பெரிய சண்டையும் முடிந்து, இப்போது அந்தப் பாதையில் பளபளவென்று பஸ் ஓடுகிறதாம். போய் வந்தவர்கள் படம் காட்டுவார்கள். படத்தில் எந்த பஸ் தெரிந்தாலும் நான் டிரைவர் சீட்டைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன். கண்ணாடியில் வெயில் அடித்து முகம் தெரியாது. பிரபு, நீ என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்கப்பா இத்தன பஸ் படம்?" என்று சிரித்தாயே, அதற்கும் இதுதான் பதில்.

பாதை மூடிய அன்றைக்குச் சாயங்காலமும் வேனை எடுத்தேன். நான் கோயிலைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வேப்பமரம் தெரிந்ததும் பின்னாலிருந்து முத்துலட்சுமி, "முறிகண்டி இறக்கம்ணே" என்றாள். நிறுத்தினேன். எல்லோரும் இறங்கிக் கும்பிட்டார்கள். யாரோ கடலைக்காய் வாங்கினார்கள். யாருக்கும் உரிக்க மனம் வரவில்லை.

ஒவ்வொருவராக இறக்கிவிட்டு முடிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டியைக் கம்பெனியில் கொண்டுபோய் விட வேண்டும். அதே வழியாகத் திரும்பி வந்தேன். பிள்ளையார் முன்னால் வேன் தானாக நின்றது.

தள்ளுவண்டி அம்மா போய்விட்டிருந்தார். தார் இன்னும் சூடாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியர் போட்டேன். நாயகண்ணா போனபிறகு தட்டு இல்லாமலே ஓட்டப் பழகியிருந்த கால், அன்றைக்குக் கிளட்ச்சிலிருந்து எழும்பவில்லை. இடது பக்கம் கதவு மூடியபடி இருந்தது. கம்பியில் அவர் கை தேய்த்த இடம் மட்டும் பளபளத்தது.

கியரை எடுத்துவிட்டு இறங்கினேன். வேனின் முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் வந்தேன். உள்ளங்கையை விரித்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மறுபடி சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்தேன்.